செட்டிநாட்டுக் கண்மாய்களில் விரால் பிடித்தல்: தூண்டிலும் தண்ணீர்ப் பருவமும்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களில் ராடும் (தூண்டில் கழி) ரீலும் (நரம்பு சுற்றும் உருளை) வாங்கிக்கொண்டு கண்மாய்க் கரைக்கு வரும் இளைஞர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அவர்கள் கையில் இருக்கும் ரப்பர் தவளை, இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்பு, விறைப்பான ராடு ஆகியவற்றில் பெரும்பகுதி, அமெரிக்க நீர்த்தேக்கங்களில் லார்ஜ்மவுத் பாஸ் என்னும் மீனுக்காக உருவான கருவிகளின் வழிவந்தவை. அவை நம் விராலுக்கும் நன்றாகவே பொருந்துகின்றன. ஏனெனில் இரண்டுமே பாசிக்கும் கொடிக்கும் அடியில் மறைந்திருந்து, மேலே கடந்து போகும் இரையைப் பாய்ந்து கவ்வும் மீன்கள். ஆனால் பாஸ் மீனுக்காக எழுதப்பட்ட பருவக் குறிப்புகளை இங்கே கொண்டுவந்து பயனில்லை. அந்த மீனின் ஆண்டு, தண்ணீரின் வெப்பத்தைப் பின்பற்றிச் செல்கிறது: வசந்தத்தில் தண்ணீர் சூடேறத் தொடங்கும்போது கரையோரம் வந்து முட்டையிடுகிறது, குளிர்காலத்தில் ஆழத்துக்குப் போய் மந்தமாகிவிடுகிறது. நம் கண்மாயிலோ பெரிதாக மாறுவது தண்ணீரின் அளவு. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, கோடையில் குழிகளாகச் சுருங்கி, சில ஆண்டுகளில் முற்றிலும் வற்றியும் போகும் நீர்நிலையில், எந்த லூரை, அதாவது ரப்பர் தவளை போன்ற எந்தப் போலி இரையை, வாங்குவது என்பதைவிட இந்த வாரம் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

மீன் இருக்கும் இடத்தை மீனே காட்டும்

விரால் செவுளை மட்டும் நம்பி வாழ்வதில்லை. செவுளுக்கு மேலே, தலைக்குள், காற்றை வாங்கிவைக்கும் அறை ஒன்று அதற்கு உண்டு. வளர்ந்த விரால் அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கியே ஆக வேண்டும். பாஸ் பிடிப்பவருக்குக் கிடைக்காத வசதி இது. எனவே கரைக்கு வந்ததும் ராடை உறையிலிருந்து எடுக்காமல், ஒரு கால் மணி நேரமாவது பனை மரத்தடியில் நின்று தண்ணீரைப் பார்க்க வேண்டும். ஜிலேபிக் கெண்டை பாசியைக் கொத்தும்போது சின்னச் சின்னதாகச் ‘சப் சப்’ என்று கேட்கும். கட்லாவோ ரோகுவோ துள்ளினால் உடம்பு வெளியே தெரிந்து தண்ணீர் சிதறும். விரால் அவ்வாறு ஆர்ப்பாட்டம் செய்வதில்லை. மூக்கு நுனி மட்டும் ஒரு கணம் தெரிந்து, ‘ப்ளக்’ என்ற தடித்த ஓசையோடு ஒரு வட்டம் விரியும். அதன் நடுவே இரண்டொரு குமிழிகள் உடையாமல் நிற்கும். சிறிது நேரம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் வட்டம் விழுந்தால் அந்த மீன் அங்கேயே தங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். வட்டங்கள் வெவ்வேறு இடங்களில் விழுந்துகொண்டே போனால் மீன் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதன் பின்னே ஓடி வீசுவது வீண்.

நின்று பார்க்கும்போது நம் நிழல் தண்ணீரில் விழாமலும், கரையில் கால் அதிராமலும் இருப்பது நல்லது. மண் கரையில் தொம் தொம் என்று நடந்து வருபவருக்கு முதல் இருபது அடித் தொலைவில் இருக்கும் விரால் கிடைக்காது. பெரிய விரால்கள் பெரும்பாலும் அந்த இருபது அடிக்குள்தான் இருக்கின்றன.

கருவிகள்

ராடு ஆறரை முதல் ஏழு அடி நீளமும் மீடியம் ஹெவி வலுவும் உள்ளதாக இருக்கட்டும். ரீல், ஸ்பின்னிங் வகை என்றால் 3000 அல்லது 4000 அளவு போதும். உருளையே சுழன்று நரம்பை விடும் பேட்காஸ்டர் ரீலால் குறி தவறாமல் வீசலாம் என்பது உண்மைதான். ஆனால் பழகாத கையில் நரம்பு சிக்குப் பிடித்து அரை நாள் அதிலேயே போய்விடும். நரம்பாக 30 முதல் 50 பவுண்டு பிரெய்டைச் சுற்றலாம். அது ஏறத்தாழ 14 முதல் 23 கிலோ இழுவையைத் தாங்கும். ஒன்றரைக் கிலோ விராலுக்கு எதற்கு இவ்வளவு என்று தோன்றலாம். மீன் தனியாக வருவதில்லை. கவ்வியவுடன் தாமரைத் தண்டுகளுக்குள் தலையை நுழைத்துச் சுற்றிக்கொள்ளும், அப்போது தண்டும் பாசியும் சேர்ந்து மீனைப் போலப் பல மடங்கு கனக்கும். நைலான் நரம்பு இழுத்தால் நீளும், அதனால் தூண்டில் முள் ஆழப் பாய்வதில்லை; பிரெய்டு நீள்வதில்லை, இளந்தண்டுகளை அறுத்துக்கொண்டும் வரும்.

பிரெய்டை ரீலின் வெறும் உருளையில் நேராகக் கட்டினால், இறுக்கம் வந்ததும் மொத்தச் சுற்றும் உருளையின் மேல் வழுக்கிச் சுழலும். அதனால் முதலில் பத்துப் பன்னிரண்டு சுற்று நைலான் நரம்பைச் சுற்றி, அதனோடு பிரெய்டை முடிந்து, ஈரத் துணியால் பிடித்து இறுக்கமாகச் சுற்ற வேண்டும்.

லூரைக் கட்டுவதற்குப் பாலோமர் முடிச்சு போதுமானது; செடிகளுக்கு நடுவே வீசுவதற்கு, லூருக்கு முன்னே கட்டும் தனி நரம்புத் துண்டான லீடர் தேவையில்லை. பிரெய்டின் நுனியை ஒரு சாண் அளவுக்கு இரட்டையாக மடித்து, அந்த மடிப்பை லூரின் வளையத்துக்குள் நுழைத்து, சாதாரண முடிச்சு ஒன்றை இறுக்காமல் போட வேண்டும். பிறகு தொங்கும் கண்ணியை விரித்து, தவளை முழுவதையும் அதனுள் நுழைத்து மேலே கொண்டுவர வேண்டும். இழுப்பதற்கு முன் முடிச்சை எச்சிலாலோ தண்ணீராலோ நனைத்துக்கொண்டு, இரண்டு இழைகளையும் சேர்த்து மெதுவாக இறுக்க வேண்டும். நனைக்காமல் இறுக்கினால் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று உரசிச் சூடேறி முடிச்சு பலவீனமாகும். கண்ணி வளையத்தின் மேலேயே மாட்டிக்கொள்ளாமல் அதைத் தாண்டி வந்துவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

தவளைகளில், உள்ளே வெற்றிடமாக இருக்கும் மென்மையான ரப்பர் தவளையையே பரிந்துரைப்பேன். அதன் இரட்டை முள் முதுகோடு படிந்திருப்பதால் பாசியில் மாட்டுவதில்லை. மீன் கவ்வி அமுக்கும்போது உடல் தட்டையாகி முள் வெளியே வரும். நான்கு ஐந்து சென்டிமீட்டர் நீளமும் எட்டு முதல் பன்னிரண்டு கிராம் கனமும் நம் கண்மாய்களுக்கு ஏற்றவை. கடையில் பலரும் நிறத்தைப் பார்த்தே வாங்குகிறார்கள். தெளிந்த தண்ணீருக்கு வெள்ளை அல்லது பச்சை, கலங்கலுக்கும் மாலை இருட்டுக்கும் கறுப்பு என்பதற்கு மேல் நிறத்தைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது வேறு: இரண்டு விரலால் தவளையை அமுக்கினால் அது எளிதில் படிகிறதா, முள்முனைகள் தடையில்லாமல் வெளிவருகின்றனவா என்பதே. வெளிவரவில்லை என்றால் மூக்குக் குறடால் ஒவ்வொரு முள்ளையும் மயிரிழை அளவு மேல்நோக்கி நெம்பிக்கொள்ளலாம். கால்களாகத் தொங்கும் ரப்பர் இழைகள் மிக நீளமாக இருந்தால், மீன் அவற்றை மட்டும் கவ்வி விட்டுவிடும், பாதியாக நறுக்கிவிடுங்கள். பின்னால் சிறு காற்றாடி வைத்த தவளைகள் திறந்த தண்ணீரில் நன்றாக ஓசை எழுப்பும், பாசிக்குள் போனால் காற்றாடியில் பாசி சுற்றிக்கொண்டு பயனற்றுப்போகும்.

மூங்கில் கழி, தக்கை, மண்புழு என்று உட்காரும் பழைய முறை இன்றும் பொய்த்ததில்லை. குறவைக்கும் கெளுத்திக்கும் அதுவே சிறந்தது. உயிருள்ள தவளையை முள்ளில் கோப்பதை மட்டும் விட்டுவிடலாம். ரப்பர் தவளை அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

மாதந்தோறும் தண்ணீர்

ஐப்பசி, கார்த்திகையில் வாரிக்கால்கள் வழியாகப் புதுத்தண்ணீர் வந்து விழும்போது, செம்மண்ணும் செம்பூரான் கல்லும் நிறைந்த இந்தப் பூமியில் கண்மாய் முழுவதும் செங்காவி நிறத்துக்கு மாறும். மேல் கண்மாயில் மிகைநீர் வழியும் கலுங்கைத் தாண்டிய தண்ணீர் கீழ்க் கண்மாய்க்குப் போக, அதனோடு மீன்களும் இடம் மாறும். விரால் ஈரமான தரையிலும் சிறிது தூரம் நெளிந்து கடந்துவிடும். இந்த நாள்களில் மீன், கரைக்கு எதிர்ப்புறம் ஆழமற்றுக் கிடக்கும் உள்வாயின் புல்வெளி முழுவதும் சிதறிக் கிடப்பதால் தூண்டிலுக்கு வாகான காலம் இது இல்லை. கூடவே, விரால் இனம் பெருக்குவதும் மழைக்காலத்தில்தான். கரையோரத்துப் புல்லுக்கு இடையே, செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரு கூட்டமாகத் தண்ணீரின் மேல்மட்டத்தில் கொப்புளித்துக்கொண்டிருப்பதைக் காணலாம். அவற்றுக்குக் கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் மேல் தவளையை இழுத்தால் பெற்ற மீன் பசிக்காக அல்லாமல் ஆத்திரத்தில் உறுதியாகக் கவ்வும். அதைத் திறமை என்று படம் எடுத்துப் போடுபவர்களும் இருக்கிறார்கள். காவல் போனதும் கெண்டையும் குறவையும் கொக்கும் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

மார்கழி, தையில் கண்மாய் நிறைந்து நிற்கும். விடிகாலைப் பனியில் மீன் மந்தமாக இருப்பதால், அலாரம் வைத்து எழுந்து ஓட வேண்டிய தேவையில்லை. வெயில் ஏறி எட்டரை ஒன்பது மணிக்குப் பிறகு, கிழக்கு வெயில் நேராக விழும் ஆழமற்ற மேற்கு ஓரங்களில் வீசினால் போதும். லூரை வழக்கத்தைவிட மெதுவாக நகர்த்துங்கள்.

மாசி, பங்குனிதான் விரால் தூண்டிலுக்கு உரிய காலம். கலங்கல் அடங்கித் தண்ணீர் தெளிந்திருக்கும். வயலுக்குப் பாய்ந்தும் வெயிலில் காய்ந்தும் மட்டம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருக்கும். தாமரையும் அல்லியும் இலை விரித்திருக்கும். மட்டம் இறங்கும்போது மீன் உள்வாயை விட்டுப் படிப்படியாகக் கரைப் பக்கத்து ஆழத்தை நோக்கி வரும். வரும் வழியில் அது தங்கும் இடங்களைக் கண்டுகொண்டால் வேலை முடிந்தது. கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களின் அடித்தூர், சம்பங்கோரைத் திட்டின் வெளி ஓரம், தாமரைக் கூட்டம் முடிந்து வெறும் தண்ணீர் தொடங்கும் எல்லை, கரைக்கு மண் எடுத்த பள்ளத்தின் விளிம்பு ஆகியவை அத்தகைய இடங்கள். சென்ற வாரம் மீன் கிடைத்த கருவேலந்தூரில் இன்று முழங்கால் தண்ணீர்தான் இருக்கிறது என்றால், அங்கே நிற்காமல் அடுத்த ஆழத்துக்குப் போக வேண்டும். விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரையும், மாலை நாலரைக்கு மேல் இருட்டும் வரையும் நல்ல நேரம்.

சித்திரை, வைகாசியில் தண்ணீர் மடைக்கு அருகிலும் வண்டல் எடுத்த குழிகளிலும் மட்டும் நிற்கும். சூடேறிய தண்ணீரில் மற்ற மீன்கள் காலையில் வாய் பிளந்து மிதக்கும்போதும் விரால் காற்றைச் சுவாசித்துத் தெம்பாகவே இருக்கும். ஒரே குழிக்குள் எல்லா மீன்களும் நெருங்கிக் கிடப்பதால் பிடிப்பது எளிது, அதனாலேயே அதில் பெரிய சுவாரசியம் இல்லை. மேலும், குத்தகைதாரர் வலை இறக்குவதும், ஊர் கூடி ஊத்தா, கச்சா போன்ற மீன்பிடி கருவிகளோடு மீன்பிடித் திருவிழா நடத்துவதும் இந்தக் காலத்தில்தான். அதற்கு முந்தைய நாள்களில் குழியோரம் தூண்டிலோடு நிற்பது மரியாதையாக இருக்காது. நல்ல கோடைமழை ஒன்று பெய்து ஓய்ந்த மறுநாள் காலை மட்டும் இதற்கு விலக்கு. அன்று தண்ணீர் உள்ள எந்தக் கண்மாயிலும் விரால் துடிப்பாக இரை தேடும்.

ஆனி, ஆடியில் தண்ணீர் மிஞ்சியிருக்கும் கண்மாய்களில் காற்றைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். மேற்கிலிருந்து வீசும் ஆடிக்காற்று ஆகாயத்தாமரையையும் மிதக்கும் பாசியையும் கிழக்குக் கரையில் கொண்டுபோய் ஒதுக்கும். அந்த மிதவைக்கு அடியில் நிழலும் சிறுமீனும் இருப்பதால் விராலும் அங்கே சேரும். ஆனால் கிழக்குக் கரையில் நின்று காற்றுக்கு எதிரே வீசினால் நரம்பு வில்லாக வளைந்து லூர் காலடியிலேயே விழும். கரையின் வளைவில் நின்று, காற்றுக்குக் குறுக்காக, ராடைத் தோளுக்கு மேலே தூக்காமல் பக்கவாட்டில் தாழ்த்தி வீச வேண்டும்.

ஆவணியும் புரட்டாசியும் பெரும்பாலும் காத்திருக்கும் மாதங்கள். கண்மாய் வற்றினால் விரால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து, உடல் காயாமல் இருக்கும்வரை உயிரோடு கிடக்கும். ரீலைப் பிரித்து மண்ணைத் துடைத்து எண்ணெய் விடுவதற்கு ஏற்ற காலம் இது.

வீசுதலும் வெட்டுதலும்

மீன் இருக்கும் இடத்தின் மேலேயே லூரைப் போடக் கூடாது. அதைத் தாண்டி ஐந்தாறு அடிக்கு அப்பால், முடிந்தால் ஒரு தாமரை இலையின் மேலேயே, தவளை விழட்டும். விழுந்த வட்டம் அடங்கும்வரை சும்மா விட்டு, பிறகு ராடின் நுனியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு மணிக்கட்டால் சின்னச் சின்னதாகச் சுண்டி, இலைக்கு இலை தாவும்படி இழுத்து வாருங்கள். இரண்டு இலைகளுக்கு இடையே கைக்குட்டை அளவு வெறுந்தண்ணீர் தெரியும் இடம் வந்ததும் நிறுத்த வேண்டும். கவ்வல்களில் பெரும்பகுதி அந்த நிறுத்தத்தில்தான் நிகழும். அடர்ந்த பாசிப் படலத்தின் மேல் என்றால் நிறுத்தம் இன்னும் நீளலாம்; கீழே இருக்கும் மீனுக்குத் தவளை தெரியாது, பாசியின் அசைவை வைத்தே அது தேடி வருகிறது.

திறந்த தண்ணீரில் சில நேரம் தவளைக்குப் பின்னால் அம்பு முனை போல ஒரு நீர்க்கோடு தொடர்ந்து வருவதைக் காணலாம். அப்போது பதறி நிறுத்தினால் மீன் சந்தேகப்பட்டுத் திரும்பிவிடும். அதே வேகத்தில், வேண்டுமானால் சற்றே கூட்டி, இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தண்ணீர் வெடித்தவுடன் ராடை வெட்டி இழுப்பதுதான் இந்த மீன்பிடிப்பில் மிகுதியாக நடக்கும் தவறு. வெடிப்பு ஓசை கேட்கும் நொடியில் தவளை பெரும்பாலும் மீனின் உதட்டோரத்தில்தான் இருக்கும். ராடின் நுனியைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்தி, ரீலைச் சுற்றித் தளர்ந்த நரம்பை எடுத்து, மறுமுனையில் கனம் தெரிந்த பின்பே, ஓங்கி வெட்ட வேண்டும். இதற்கு ஒரு நொடியோ இரண்டோ ஆகும், அந்த நேரம் மிக நீண்டதாகத் தோன்றும். விராலின் வாய் எலும்பும் பல்லுமாகக் கெட்டியானது. மென்மையாக இழுத்தால் முள் பதியாமல், கரை வரை வந்து வாயைத் திறந்து விட்டுவிட்டுப் போகும். தவறவிட்டால் தவளையைச் சுருட்டி எடுத்துவிடாமல் அங்கேயே மிதக்கவிட்டு, மூச்சு விடும் நேரம் கழித்து ஒருமுறை சுண்டிப் பாருங்கள், பசித்த விரால் திரும்பி வரும்.

முள் பதிந்ததும் மீனின் தலையை மேலேயே வைத்து, நிறுத்தாமல் சுற்ற வேண்டும். தண்டுக்குள் புகுந்து சிக்கிவிட்டால் ராடால் மல்லுக்கட்ட வேண்டாம். நரம்பைச் சில நொடிகள் தளர்த்திவிட்டால் மீன் தானே வேறு பக்கம் திரும்பும். இல்லையேல் ராடை நேராக நீட்டி, துண்டைச் சுற்றிய கையால் நரம்பைப் பிடித்து நேர்கோட்டில் இழுக்கலாம். வெறுங்கையில் பிரெய்டைச் சுற்றி இழுத்தால் விரல் அறுபடும்.

கரையேறிய விரால் வழுக்கி, துள்ளித் தண்ணீருக்கே போய்விடும் திறமை கொண்டது. நனைத்த துண்டால் செவுளுக்குப் பின்னே அழுத்திப் பிடித்து, மூக்குக் குறடால் முள்ளை எடுங்கள். வாய்க்குள் விரலை விட வேண்டாம். சோற்றுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, சிறியவற்றையும், வயிறு பருத்துச் சினையோடு இருப்பவற்றையும் திரும்ப விடுவதே கண்மாயை வைத்திருக்கும் வழி.

எங்கே வீசலாம், எங்கே கூடாது

கண்மாய்களின் மீன்பாசி உரிமை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலத்தில் விடப்படுகிறது. ஏலம் எடுத்தவர் தம் பணத்தில் குஞ்சு வாங்கி விட்டிருப்பார் என்பதால், கேட்காமல் வீசுவது திருட்டுக்குச் சமம். கரையில் இருக்கும் காவல்காரரிடம், “அண்ணே, விராலுக்கு மட்டும் செத்த நேரம் வீசிக்கிறலாமா?” என்று கேட்டுவிட்டால் பெரும்பாலும் தடை இருக்காது, வளர்ப்புக் கெண்டைகளைத் தின்னும் மீன் குறைவதில் அவருக்கும் இலாபம்தான். கெண்டை மாட்டினால் அவரிடமே கொடுத்துவிட வேண்டும். ஊருணிகளிலும் கோயில் தெப்பக்குளங்களிலும் அனுமதி கேட்டுக்கூட வீச வேண்டாம், அங்கே தூண்டிலுக்கு இடமில்லை. திருப்பத்தூருக்கு அருகே உள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக் கண்மாய்களுக்கும் ராடோடு போகக் கூடாது. பறவைகள் கலையக் கூடாது என்பதற்காகச் சுற்றுவட்டாரக் கிராமத்தார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதைக்கூட விட்டிருக்கிறார்கள்.

தண்ணீருக்குள் இறங்குவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாட்டிக்கொண்ட ஒரு தவளையை எடுக்கக் கண்மாய்க்குள் இறங்கவே கூடாது. மண் எடுத்த குழிகள் நிரம்பிய தண்ணீரில் வெளியே தெரியாது, முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியிலேயே இரண்டாள் ஆழம் இருக்கும். தாமரைத் தண்டு காலில் சுற்றினால் நீச்சல் தெரிந்தவருக்கும் தப்புவது கடினம். மடை திறந்திருக்கும்போது அதன் வாய்ப்பக்கம் நிற்க வேண்டாம். கரையில் புல்லும் முள்ளும் மண்டிய இடங்களில் கண்ணாடி விரியன் கிடக்கும் என்பதால், மாலையில் டார்ச்சும் கணுக்கால் மூடிய செருப்பும் இல்லாமல் போகக் கூடாது. கோடை இடி தொலைவில் கேட்கத் தொடங்கினால், கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், மீன் எவ்வளவு கவ்விக்கொண்டிருந்தாலும் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கரையிலிருந்து இறங்கி, தனி மரத்தடியில் ஒதுங்காமல் ஊருக்குள் போய்விட வேண்டும்.